கிழக்கிலிருந்து ஒரு வரலாற்றுக் கலாநிதிப் படிப்பு: உங்கள் கேள்விக்குப் பொருந்தும் இடத்தைத் தேடும் முறை

வரலாற்றில் கலாநிதிப் பட்டம் செய்ய எங்கே விண்ணப்பிக்கலாம் என்று யோசிக்கும் பலரின் கையில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கும். உலகத் தரவரிசையில் முதல் இருபது பல்கலைக்கழகங்கள் அதில் இருக்கும். அதை ஓரமாக வைத்துவிடுங்கள். ஒரு வரலாற்று ஆய்வு மாணவருக்குப் பல்கலைக்கழகம் என்பது நடைமுறையில் இரண்டு மூன்று பேராசிரியர்கள், ஒரு நூலகம், ஒன்றிரண்டு மொழி வகுப்புகள், நாலைந்து வருடத்துக்கான காசு. இவை உங்கள் கேள்விக்குப் பொருந்தாவிட்டால், பெயர்பெற்ற இடத்தில் இடம் கிடைத்தும் மூன்றாம் வருடத்தில் தலைப்பை மாற்றவோ படிப்பை விடவோ நேரும். இலங்கையின் கிழக்கில், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ பட்டம் முடித்தவர்களை மனதில் வைத்து எழுதப்பட்ட குறிப்பு இது. தேடும் ஒழுங்கு இப்படி இருக்கட்டும்: கேள்வி, மூலம், மொழி, ஆள், பணம். பல்கலைக்கழகத்தின் பெயர் தானாகவே இதன் முடிவில் வந்து நிற்கும்.

கேள்வியை இறுக்குதல்

"மட்டக்களப்பின் வரலாறு", "கிழக்கு முஸ்லிம்களின் வரலாறு" என்று எழுதி அனுப்பினால் எந்தப் பேராசிரியரும் பிடிகொடுக்கமாட்டார். அவை ஊரும் மக்களும். அவற்றில் இன்னும் கேள்வி இல்லை. உங்களை எடுப்பதா விடுவதா என்று தீர்மானிக்க அவருக்கு ஒரு கேள்வி வேண்டும், ஒரு காலப்பகுதி வேண்டும், நீங்கள் வாசிக்கப்போகும் ஆவணத் தொகுதி எது என்று தெரியவேண்டும்.

கிழக்கின் கல்லோயா ஆற்று நீர்ப்பாசன, குடியேற்றத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை உருவானது. அமெரிக்காவின் டெனசி பள்ளத்தாக்கு அதிகாரசபைதான் அதற்கு மாதிரி. இங்கினியாகலையில் அணையைக் கட்டியது மொரிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி. 1956 ஜூனில் அந்தக் குடியேற்றப் பகுதியில் தமிழருக்கு எதிராக வன்முறை வெடித்தது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. இந்த ஒரு கல்லோயாவை வைத்தே மூன்று பேர் மூன்று கலாநிதி ஆய்வுகளைச் செய்யலாம்.

ஆறும் காடும் வயலும் எப்படி மாறின, வாய்க்கால் கடைசியில் இருந்த விவசாயிக்குத் தண்ணீர் ஏன் வரவில்லை என்று ஒருவர் கேட்டால் அது சுற்றாடல் வரலாறு. அமெரிக்கப் பொறியியலாளர்கள் 1949இல் இங்கே ஏன் வந்தார்கள் என்று இன்னொருவர் கேட்டால் அது பனிப்போர்க்கால அபிவிருத்தியின் வரலாறு. அவருடைய ஆவணங்களில் ஒரு பங்கு மேரிலாந்து மாநிலத்தின் கொலேஜ் பார்க்கில் உள்ள அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கும். காணி, குடியேற்றம், தேர்தல் தொகுதி என்று மூன்றாமவர் போனால் அது அரசியல் வரலாறு. அவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாமல் ஒரு அங்குலமும் நகராது. இந்த மூவரும் ஒரே துறைக்கு விண்ணப்பித்தால் குறைந்தது இருவர் தவறான கதவைத் தட்டுகிறார்கள். முதலாமவருக்கு இலங்கையைப் பற்றி ஒன்றுமே எழுதாத, ஆனால் சிந்து நதியின் அணைகளையோ மேக்கொங்கையோ ஆராய்ந்த ஒருவர் மிக நல்ல மேற்பார்வையாளராக அமையலாம். "இலங்கை" என்ற சொல்லை மட்டும் போட்டுத் தேடுபவர் இந்த ஆளைக் காணவே மாட்டார்.

தேடலைத் தொடங்க முன்னர் ஐந்து வசனங்களை எழுதிப் பாருங்கள். கேள்வி என்ன? எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை? எந்த ஆவணங்களை வைத்துப் பதில் சொல்லப்போகிறீர்கள்? இதுவரை எழுதியவர்கள் என்ன சொன்னார்கள்? அதில் எது போதவில்லை? பெரும்பாலும் மூன்றாவது வசனத்தில்தான் பேனா நிற்கும். நின்றால், பல்கலைக்கழக இணையத்தளங்களை மூடிவிட்டு ஆவணங்களைத் தேடப் போங்கள். ஒரு மாதம் போனாலும் பரவாயில்லை, அது வீண்போகாத மாதம்.

மூலமும் மொழியும்

கிழக்கைப் பற்றிய ஆவணங்கள் பல நாடுகளில் சிதறிக் கிடக்கின்றன. எது எங்கே என்று தெரிந்தால் பாதி வழி தெளிந்துவிடும்.

1638இல் ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கடிதங்களும் அறிக்கைகளும் ஹேக் நகரத் தேசிய ஆவணக்காப்பகத்தில் 1.04.02 என்ற எண்ணின் கீழ் உள்ளன. கொழும்பில் நடந்த நிர்வாகத்தின் ஏடுகள் கொழும்புத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் முதலாம் தொகுதியாக இருக்கின்றன. ஹேக்கிலுள்ளவற்றில் பெரும்பகுதி படமாக்கப்பட்டு இலவசமாகக் கிடைக்கிறது. குளோபலைஸ் என்ற நெதர்லாந்துத் திட்டம் அந்தக் கையெழுத்துகளைக் கணினி மூலம் எழுத்துப்பெயர்த்துத் தேடக்கூடியதாக்கி வருகிறது. கல்லடியில் இருந்துகொண்டே உங்கள் ஊர்ப்பெயரைத் தேடிப் பார்க்கலாம். ஆனால் ஊர்ப்பெயர்களை ஒல்லாந்த எழுத்தர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். ஒரு எழுத்துக்கூட்டலில் தேடி ஒன்றும் வரவில்லை என்று விட்டுவிடாமல் நாலைந்து விதமாகத் தேடுங்கள். பத்துப் பக்கப் படங்களை இறக்கிக் கண்ணால் பாருங்கள். பதினேழாம் நூற்றாண்டுக் கையெழுத்தை ஐந்து வருடம் வாசிக்க மனமிருக்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். மனமிருந்தால் லெய்டன் பல்கலைக்கழகம் உங்கள் பட்டியலில் முதலில் வரும். ஆசிய மாணவர்களுக்குப் பழைய டச்சு மொழியும் கையெழுத்து வாசிப்பும் கற்றுக்கொடுத்து ஆய்வாளராக்கிய திட்டங்கள் அங்கே முன்பு நடந்திருக்கின்றன. இப்போது என்ன நடக்கிறது என்று கேட்டு எழுதலாம்.

பிரித்தானியர் காலம் என்றால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தின் சீ.ஓ. 54 தொகுதியும் (குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் இலங்கைக் கடிதங்கள்), கொழும்பிலுள்ள கச்சேரி என்ற மாவட்ட நிர்வாக அலுவலகங்களின் பதிவுகளும் அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகளும் அடிப்படை. முக்குவர் சட்டம் (முக்குவர் சமூகத்தின் வழமைச் சட்டம்), தாய்வழிக் குடி, கோயில் நிர்வாகிகளான வண்ணக்கரின் உரிமை போன்ற தலைப்புகளுக்கு நீதிமன்றப் பதிவுகள் வேண்டும். கல்வியும் மதமாற்றமும் என்றால் 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் வந்ததிலிருந்து தொடங்கும் மெதடிஸ்த மிசன் கடிதங்கள் லண்டன் சோஆஸ் நூலகத்தில் இருக்கின்றன. கத்தோலிக்கப் பக்கம் போனால் பிரெஞ்சு இயேசு சபையினரும் பின்னர் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து அமெரிக்க இயேசு சபையினரும் வருகிறார்கள். ஆகவே பிரெஞ்சும் அமெரிக்க ஆவணக்காப்பகமும் சேர்ந்துகொள்ளும். ஐரோப்பிய வம்சாவளியினரான பறங்கியரைப் பற்றியென்றால் லிஸ்பனை மறக்கவேண்டாம். மட்டக்களப்பில் இன்னும் பேசப்படும் இலங்கைப் போர்த்துக்கேய மொழியை லிஸ்பன் பல்கலைக்கழக மொழியியலாளர் ஹியூகோ கார்டோசோ ஆவணப்படுத்தியிருக்கிறார். அவர் வரலாற்றுத் துறையினர் இல்லை. இந்த விஷயம் கீழே மறுபடியும் வரும்.

உள்ளூரில் கிடைப்பதையும் குறைத்து எண்ணவேண்டாம். கோயில் ஏடுகள், பள்ளிவாசல் நிர்வாகப் புத்தகங்கள், காணி உறுதிகள், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் பதிவுகள் எல்லாம் வெளிநாட்டுப் பேராசிரியர் கண்ணில் பட்டிராத மூலங்கள். 1962இல் எவ்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்த, மட்டக்களப்பின் மரபுவழி வரலாற்றைச் சொல்லும் மட்டக்களப்பு மான்மியத்தை எப்படி வாசிப்பது என்பதே தனியொரு முறையியல் கேள்வி. நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் கிழக்கின் மலர்கள், சஞ்சிகைகள், பாடசாலை ஆண்டு இதழ்கள் நிறைய உண்டு. இவற்றை எடுக்க உங்களால் முடியும் என்பது விண்ணப்பத்தில் உங்கள் பெரிய பலம். அதைக் கடைசி வரியில் ஒளித்துவைக்காமல் முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். ஒரு கவனம்: குடும்பமோ கோயிலோ வைத்திருக்கும் ஏட்டை "எனக்குக் கிடைக்கும்" என்று எழுத முன்னர் உரியவர்களிடம் வாயால் என்றாலும் அனுமதி கேட்டிருக்கவேண்டும். கலாநிதிப் படிப்பின் நடுவில் அலுமாரி பூட்டப்பட்ட கதைகள் உண்டு.

மொழி விஷயத்தில் நேர்மையாகக் கணக்குப் போடுங்கள். தமிழ் உங்களிடம் உண்டு. ஆங்கிலம் எழுதும் அளவுக்கு வேண்டும். மூன்றாவதாக ஒரு மூலமொழி பெரும்பாலும் தேவைப்படும். அந்த மொழியை அந்தப் பல்கலைக்கழகத்திலேயே கற்கமுடியுமா என்று பாடப்பட்டியலில் பாருங்கள். சிங்களம் நீண்டகாலமாகக் கற்பிக்கப்பட்டுவரும் அமெரிக்கப் பல்கலைக்கழகம் கோர்னெல். தமிழ் கற்பிக்கும் இடங்களில் சிக்காகோ, பேர்க்லி, பென்சில்வேனியா முக்கியமானவை. தமிழ் தெரிந்த உங்களுக்கு அது எதற்கு என்று நினைக்கவேண்டாம். தமிழ் கற்பிக்கும் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் வாங்கும் நூலகமும், தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு பேராசிரியரும், சில வேளை உங்களுக்கு ஒரு கற்பித்தல் உதவியாளர் வேலையும் இருக்கும்.

ஆளைத் தேடுதல்

இங்கேதான் பலரும் அதிக நேரத்தை வீணாக்குகிறார்கள். பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாகத் திறந்து, வரலாற்றுத் துறை ஆசிரியர் பட்டியலைப் பார்த்து, "தெற்காசியா" என்று போட்டிருக்கும் ஒருவரைக் குறித்துக்கொள்வார்கள். அவர் முகலாயர்கால டெல்லியை ஆராய்பவராக இருப்பார். அமெரிக்க வரலாற்றுத் துறைகளில் தெற்காசியா என்றால் பெரும்பாலும் வட இந்தியாதான்.

மறுபக்கத்திலிருந்து வாருங்கள். உங்கள் தலைப்புக்கு மிக நெருங்கிய, கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் வந்த மூன்று புத்தகங்களையும் ஐந்து கட்டுரைகளையும் எடுங்கள். அவற்றின் அடிக்குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு நன்றியுரையை வாசியுங்கள். எந்த ஆசிரியரிடம் படித்தார், எந்தப் பல்கலைக்கழகம் பணம் கொடுத்தது, எந்தக் கருத்தரங்கில் முதலில் வாசித்தார் என்றெல்லாம் அங்கே எழுதியிருக்கும். துறையின் இணையத்தளம் சொல்லாததை நன்றியுரை சொல்லும். கூகிள் ஸ்கொலரில் அந்தப் புத்தகத்தின் கீழ் அதை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலைத் திறந்தால் இளம் ஆய்வாளர்கள் வெளிப்படுவார்கள். விஸ்கொன்சின் பல்கலைக்கழகம் மடிசனில் ஆண்டுதோறும் நடத்தும் தெற்காசிய மாநாட்டின் நிகழ்ச்சிநிரலை எடுத்து இலங்கை அமர்வுகளில் பேசியவர்களைப் பார்ப்பதும் நல்ல வழி. முடிக்கப்பட்ட ஆய்வேடுகளுக்கு, இந்தியாவென்றால் ஷோத்கங்காவிலும் அமெரிக்காவென்றால் புரோகுவெஸ்டிலும் தேடுங்கள். அவற்றில் மேற்பார்வையாளர் பெயர் இருக்கும்.

கிழக்கைப் பொறுத்தவரை ஒரு விசேடம் உண்டு. மட்டக்களப்பு, அக்கரைப்பற்றுப் பகுதிச் சமூகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஆழமாக எழுதியவர்களில் பலர் மானிடவியலாளர்கள். அக்கரைப்பற்றில் களஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே கொலராடோ பல்கலைக்கழக மானிடவியல் துறையில் கற்பித்து ஓய்வுபெற்றவர். மண்டூர்க் கோயிலை ஆராய்ந்த மார்க் விட்டேக்கரும் மானிடவியலாளரே. ஆகவே வரலாற்றுத் துறைப் பட்டியலோடு நின்றால் பாதிப்பேர் தவறிவிடுவார்கள். மானிடவியல், சமயக்கற்கை, புவியியல், தெற்காசியக் கற்கைத் துறைகளையும் பாருங்கள். இரண்டு வழிகள் திறக்கும். ஒன்று, வரலாற்றுத் துறையில் சேர்ந்து, வெளித்துறை ஆளை ஆய்வுக்குழுவில் வைத்துக்கொள்வது. மற்றது, சிக்காகோ போன்ற இடங்களில் உள்ள தெற்காசிய மொழிகள், நாகரிகங்கள் துறைக்கே விண்ணப்பிப்பது. இரண்டாவதில் ஒரு யோசனை வேண்டும். நாளைக்கு இலங்கைப் பல்கலைக்கழகமொன்றில் வரலாற்று விரிவுரையாளர் பதவி கேட்கும்போது பட்டத்தில் எந்தத் துறையின் பெயர் இருக்கிறது என்பதும் பார்க்கப்படலாம்.

இலங்கையையே வரலாற்றாய்வுப் பொருளாகக் கொண்டவர்களில் கேம்பிரிட்ஜின் சுஜித் சிவசுந்தரம் பிரித்தானிய ஆட்சியின் தொடக்ககாலத்தையும் இந்து சமுத்திர உலகையும் எழுதியிருக்கிறார். லெய்டனில் அலிசியா ஸ்ரிக்கர் ஒல்லாந்தர் காலத்தையும், லண்டன் யூ.சி.எல்லில் சொல்டான் பீடர்மன் போர்த்துக்கேயர் காலத்தையும், ஒக்ஸ்போர்ட்டில் அலன் ஸ்ட்ராதர்ன் பதினாறாம் நூற்றாண்டு அரசையும் மதமாற்றத்தையும் ஆராய்ந்தவர்கள். இந்தப் பெயர்களை விண்ணப்பப் பட்டியலாக அல்ல, தேடலின் தொடக்கப் புள்ளியாக எடுத்துக்கொள்ளுங்கள். பேராசிரியர்கள் இடம் மாறுவார்கள், விடுமுறை ஆய்வுக்குப் போவார்கள், ஓய்வுபெறுவார்கள். ஓய்வுபெற்றவர் புதிய மாணவரை எடுப்பதில்லை. அவர் உருவாக்கிய மாணவர்கள் இப்போது எங்கே கற்பிக்கிறார்கள் என்பதே உங்களுக்குத் தேவையான தகவல்.

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி போட்டு எக்செல் தாள் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் புத்தகம் எந்த ஆண்டு, இப்போது எதில் வேலை செய்கிறார், கடந்த ஐந்து வருடத்தில் எத்தனை கலாநிதி மாணவர்கள் முடித்தார்கள், அவர்களின் தலைப்பு என்ன, அதே பல்கலைக்கழகத்தில் உங்களுக்கு உதவக்கூடிய இரண்டாவது ஆள் யார், மூன்றாவது மொழி கற்கலாமா, எத்தனை வருடத்துக்குப் பணம். "இரண்டாவது ஆள்" என்ற கட்டம் வெறுமையாக இருந்தால் அந்த இடத்தை நீக்கிவிடுங்கள், முதலாமவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சரி. ஒருவரை மட்டும் நம்பிப் போய், அவர் இரண்டாம் வருடம் வேறு பல்கலைக்கழகம் போனால் உங்கள் ஆய்வை வாசிக்கவே ஆள் இருக்காது. இது அரிதாக நடப்பதில்லை.

நாட்டுக்கு நாடு முறை வேறு

அமெரிக்காவில் துறைக்கு விண்ணப்பிக்கிறீர்கள். ஒரு குழு தெரிவுசெய்கிறது. சிறப்புக்கலைப் பட்டத்தோடு நேராகக் கலாநிதிக்குப் போகலாம், முதுமாணி கட்டாயமில்லை. முதல் இரண்டு வருடம் பாடங்கள், பிறகு ஒரு பெரிய தகுதிப் பரீட்சை, அதன் பிறகு ஆய்வு. மொத்தம் ஆறேழு வருடம் ஆகும். நல்ல துறைகள் கட்டணத்தை விலக்கி மாதாந்தக் கொடுப்பனவும் தரும். பணமில்லாத அனுமதியை ஏற்கவேண்டாம் என்பதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை.

பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் ஆய்வு முதல் நாளே தொடங்குகிறது. மூன்றரை, நாலு வருடத்தில் முடியும். அதனால் முதுமாணியும் ஆயிரம் இரண்டாயிரம் சொற்களில் இறுக்கமான ஆய்வு முன்மொழிவும் கேட்பார்கள். மேற்பார்வையாளர் சம்மதிக்காமல் விண்ணப்பம் நகராது. அனுமதி கிடைப்பதும் பணம் கிடைப்பதும் அங்கே இரண்டு தனித்தனிப் போட்டிகள். அனுமதிக் கடிதத்தைக் கண்டு ஊருக்கெல்லாம் சொல்லிவிடவேண்டாம். கேம்பிரிட்ஜுக்கு கேட்ஸ், ஒக்ஸ்போர்ட்டுக்கு கிளாரண்டன் போன்ற நிதிகளின் இறுதித் திகதி சாதாரண இறுதித் திகதிக்கு முன்னரே வரும். பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் முதுமாணிக்குத்தான், கலாநிதிக்கு இல்லை. முடித்தபின் இரண்டு வருடம் நாடு திரும்பியிருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அதை ஏணியாக நினைப்பவர்கள் இந்த இரண்டு வருடத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

நெதர்லாந்தில் கலாநிதி மாணவர் பெரும்பாலும் சம்பளம் பெறும் ஊழியர். வேலைவாய்ப்பு விளம்பரம்போல இடங்கள் அறிவிக்கப்படும், தலைப்பும் அவர்களே ஓரளவு தீர்மானித்திருப்பார்கள். ஜேர்மனியில் மேற்பார்வையாளர் ஒருவர் ஏற்றுக்கொண்டால் பதிவு எளிது. கலாநிதி மாணவருக்குப் பொதுவாகக் கற்கைக் கட்டணம் இல்லை, ஆனால் வாழ்க்கைச் செலவுக்கு டாட் (ஜேர்மன் கல்விப் பரிமாற்றச் சேவை) தருவது போன்ற புலமைப்பரிசில் தேவை. 1962இல் தொடங்கிய ஹைடல்பேர்க் தெற்காசிய நிறுவனம் அங்கே முதலில் பார்க்கவேண்டிய இடம். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் கிட்டத்தில் இருக்கிறது, புலமைப்பரிசிலும் உண்டு. இந்து சமுத்திர வணிகம், தமிழ் முஸ்லிம் வலையமைப்பு போன்ற தலைப்புள்ள கல்முனை, சம்மாந்துறைப் பிள்ளைகள் அதைக் கவனிப்பதில்லை என்பது ஆச்சரியம்.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி கலாநிதிக்குக் குறைந்தது மூன்று, கூடியது ஆறு வருடம். வெளிநாட்டு மாணவருக்குத் தனி அனுமதி வழி உண்டு, ஐ.சி.சி.ஆர். (இந்தியக் கலாசார உறவுகள் மன்றம்) புலமைப்பரிசில் அறிவித்தல்களை இந்திய உயர்ஸ்தானிகராலயம் வெளியிடும். தமிழிலேயே ஆய்வேடு எழுத விரும்புபவருக்குத் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஒரு வழி. ஏட்டுச்சுவடி சார்ந்த ஆய்வுக்கு அது பொருத்தமும்கூட.

உள்நாட்டை விட்டுவிடவேண்டாம். பேராதனையின் மானிட, சமூக விஞ்ஞானப் பட்டப்பின்படிப்பு நிறுவனம், யாழ்ப்பாணத்தின் உயர்பட்டப்படிப்புகள் பீடம், கொழும்பு, தொல்லியல் என்றால் களனியின் தொல்லியல் பட்டப்பின்படிப்பு நிறுவனம் என்று இடங்கள் உண்டு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் முதுதத்துவமாணி 11ஆம் மட்டம், கலாநிதி 12ஆம் மட்டம். பலர் முதலில் முதுதத்துவமாணிக்குப் பதிந்து, முன்னேற்றத்தைப் பார்த்துக் கலாநிதிக்கு உயர்த்திக்கொள்கிறார்கள். மூன்று வருடப் பொதுக்கலைப் பட்டம் 5ஆம் மட்டம், நாலு வருடச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். பொதுக்கலை முடித்தவர் வெளிநாட்டுக்கு நேரே முயற்சிப்பதைவிட, ஆய்வேட்டுடன் கூடிய 10ஆம் மட்ட முதுமாணியை முதலில் செய்வது நல்லது. பாடநெறி மட்டும் கொண்ட 9ஆம் மட்ட முதுமாணியைச் செய்துவிட்டு ஆய்வு அனுபவம் எங்கே என்ற கேள்விக்குப் பதிலில்லாமல் நிற்பவர்கள் பலர்.

மின்னஞ்சல்

ஓகஸ்ட் கடைசிக்கும் ஒக்டோபர் நடுப்பகுதிக்கும் இடையில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் இருநூறு சொல்லுக்கு மேல் வேண்டாம். முதல் வசனத்தில் நீங்கள் யார், எங்கே படித்தீர்கள். அடுத்த இரண்டு மூன்று வசனத்தில் கேள்வி, காலம், மூலம். பிறகு அவருடைய ஒரு குறிப்பிட்ட அத்தியாயமோ கட்டுரையோ உங்கள் கேள்வியோடு எங்கே உரசுகிறது என்று ஒரு வசனம். கடைசியில் ஒரே கேள்வி: வரும் ஆண்டுக்குப் புதிய மாணவரை எடுக்கிறீர்களா? ஒரு பக்கச் சுருக்கமும் தன்விபரமும் இணையுங்கள்.

நம்முடைய கடித மரபில் மரியாதை நீளமாக வரும். குடும்ப நிலை, போர், சுனாமி, கஷ்டப்பட்டுப் படித்த கதை எல்லாம் முதல் பந்தியில் வந்துவிடும். அவை உண்மையாகவே இருந்தாலும் அந்த மின்னஞ்சலில் அவற்றுக்கு வேலை இல்லை. அமெரிக்க விண்ணப்பங்களில் அதற்கென்று தனிக் கட்டுரை கேட்பார்கள், அங்கே எழுதலாம். "ஏதாவது புலமைப்பரிசில் உண்டா" என்ற கேள்வியையும் தவிருங்கள், அது துறை அலுவலகத்திடம் கேட்கவேண்டியது. ஒரே மின்னஞ்சலை இருபது பேருக்கு அனுப்பினால் தெரிந்துவிடும். பெயர் மாற்ற மறந்து போனதும் உண்டு. இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். "மற்றவர்களோடு சேர்த்து விண்ணப்பியுங்கள்" என்ற பதில் மறுப்பும் இல்லை, வாக்குறுதியும் இல்லை. "உங்கள் தலைப்புக்கு இன்னாரைக் கேளுங்கள்" என்று வந்தால் அதுதான் பெறுமதியான பதில். அந்தப் பெயரை உடனே தாளில் ஏற்றுங்கள்.

சூம் வழியாகப் பேசச் சம்மதித்தால், அவரது தற்போதைய மாணவர் ஒருவரோடு பேசமுடியுமா என்றும் கேளுங்கள். அத்தியாயத்தைத் திருத்தித் தர எத்தனை வாரம் எடுப்பார், விடுமுறைக்கால ஆவணப் பயணத்துக்குக் காசு உண்மையில் கிடைக்கிறதா என்பதை மாணவர்தான் சொல்வார்.

தாள்கள்

தமிழ் மொழிமூலம் படித்தவருக்கு எழுத்து மாதிரிதான் பெரிய தடை. இருபது இருபத்தைந்து பக்க ஆங்கிலக் கட்டுரை கேட்பார்கள். இளமாணி ஆய்வேட்டை முழுதாக மொழிபெயர்க்கத் தொடங்காதீர்கள். நாலு மாதம் போகும், வாசிக்கவும் சரளமாக இராது. மூல ஆவணத்தை நேரடியாகக் கையாண்ட ஒரு அத்தியாயத்தை மட்டும் எடுத்து, அதன் வாதத்தை ஆங்கிலத்தில் புதிதாக எழுதுங்கள். முன்னுரை அத்தியாயத்தை அனுப்புவது வழமையான தவறு. அதில் ஊரின் புவியியலும் முன்னையோர் ஆய்வுகளும் இருக்கும், உங்கள் வாசிப்பு இருக்காது. மேற்கோள் காட்டும் தமிழ் ஏட்டின் மூலப் பாடத்தை ஒரு பின்னிணைப்பில் கொடுங்கள்.

பரிந்துரைக் கடிதம் மூன்று. எழுதுபவருக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்னர் முன்மொழிவு, தன்விபரம், பல்கலைக்கழகங்களின் திகதிப் பட்டியல் மூன்றையும் ஒன்றாகக் கொடுங்கள். ஜீமெயில் முகவரியைச் சில தளங்கள் ஏற்பதில்லை, பல்கலைக்கழக மின்னஞ்சலைக் கேட்டு வாங்குங்கள். "ஒழுக்கமானவர், நேரத்துக்கு வருபவர்" என்ற நற்சான்றிதழ் நடைக் கடிதம் பயன்படாது. எந்தக் கட்டுரையில் என்ன செய்தீர்கள் என்று அவருக்கு நீங்களே நினைவூட்டுவது தவறில்லை.

பெறுபேற்றுச் சான்றிதழை ஆங்கிலத்தில் பரீட்சைக் கிளையில் நேரத்தோடு விண்ணப்பித்து, கூடுதலாக நாலைந்து பிரதி எடுத்து வையுங்கள். பெயரில் கவனம்: பட்டச் சான்றிதழில் முதலெழுத்துகளோடும் கடவுச்சீட்டில் முழுப்பெயரோடும், பிறப்புச் சான்றிதழில் வேறொரு எழுத்துக்கூட்டலோடும் இருப்பது நம்மிடம் சாதாரணம். விண்ணப்பத்தில் கடவுச்சீட்டுப் பெயரைப் போட்டு, மற்றப் பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்ற சத்தியக்கடதாசி ஒன்றைத் தயாராக வைத்தால் பின்னர் விசாவிலும் உதவும். ஆங்கிலப் பரீட்சைக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ். 7 என்பதைக் குறிவையுங்கள். ஜி.ஆர்.ஈ. என்ற அமெரிக்கப் பட்டப்பின்படிப்பு நுழைவுப் பரீட்சை பல வரலாற்றுத் துறைகளில் இப்போது கேட்கப்படுவதில்லை. கேட்கும் ஓரிரு இடத்துக்காகக் காசைக் கரைக்க முன்னர் அந்த இடம் அவ்வளவு பெறுமதியா என்று பாருங்கள்.

காசும் காலமும்

அமெரிக்க விண்ணப்பம் ஒன்றுக்குக் கட்டணம் நூறு டொலருக்குக் கிட்ட வரும். ஆறு அல்லது ஏழு விண்ணப்பம் போதும். பொருத்தம் பார்த்துச் சலித்த பட்டியல் அதற்கு மேல் நீளாது. பல துறைகள் கட்டண விலக்குக் கொடுக்கும், ஆனால் அதை இறுதித் திகதிக்கு இரண்டு மூன்று வாரம் முன்னர் கேட்கவேண்டும். வங்கி அட்டை வெளிநாட்டு இணையக் கொடுப்பனவுக்குத் திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே வங்கியில் கேளுங்கள்.

பெரும்பாலான இறுதித் திகதிகள் டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி நடுப்பகுதிக்குள் விழும். நமக்கு அது மாரி. வெள்ளமும் மின்வெட்டும் சேரும் வாரத்தில் பெரிய கோப்புகளை ஏற்ற முயன்று தவித்தவர்கள் உண்டு. ஒரு வாரம் முன்னரே அனுப்பிவிடுங்கள். அமெரிக்கக் கிழக்குக்கரை நேரம் இரவு 11.59 என்றால் இங்கே மறுநாள் காலை 10.29, "இன்னும் நேரமிருக்கிறது" என்று அந்தக் காலையை நம்பி இருக்கவேண்டாம்.

பதில்கள் பெப்ரவரி, மார்ச்சில் வரும். பணத்தோடு வரும் அமெரிக்க அனுமதிகளுக்குப் பல பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை யோசிக்க நேரம் தரும். அதற்கு முன்னர் கையெழுத்திடச் சொல்லி அவசரப்படுத்தினால் அந்தத் திகதியைக் குறிப்பிட்டு மரியாதையாக அவகாசம் கேட்கலாம். கையெழுத்திட முன்னர் நாலு விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்: எத்தனை வருடத்துக்குக் கொடுப்பனவு உறுதி, கோடைகால மூன்று மாதமும் அதில் சேருமா, மருத்துவக் காப்புறுதி யார் செலவு, வருடத்துக்கு எத்தனை தவணை கற்பிக்கவேண்டும். கொழும்பிலும் ஹேக்கிலும் ஆவணம் பார்க்கப் போகும் வருடத்தில் கொடுப்பனவு தொடருமா என்பதையும் அதோடு சேர்த்துக் கேளுங்கள். அந்த வருடம் மட்டும் வேறு நிதி தேடவேண்டும் என்று சில இடங்களில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள்.